அலமாரிச் சாவி யார் கையில்?

"காகிதத்தில் என்ன இருக்கிறது? கோர்ட்டில் நாலு வார்த்தை வாயால் சொல்லிக்கொள்ளலாம்" என்று நம் மக்களுக்கு யோசனை கூறும் பெரிய மனிதர்கள் இன்றும் உண்டு. அவர்களை நாம் கண்டிக்கிறோம். சிவில் வழக்கில் காகிதந்தான் வழக்கு. கோரிக்கையிலோ எதிருரையிலோ எழுதப்படாத சங்கதியைச் சாட்சிக் கூண்டில் கண்ணீரோடு சொன்னாலும், எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து ஆட்சேபிப்பார். பெரும்பாலும் அந்த ஆட்சேபணை நிற்கும்.

ஒரு தோட்டம் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் புதிய முதலாளி வழக்குப் போடுகிறார். பால்மரம் வெட்டியே முதுகு வளைந்த தொழிலாளி, முப்பது வருஷமாக இங்கேதான் குடியிருக்கிறேன் என்று எதிருரை கொடுக்கிறார். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்த அந்தக் காகிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவர் யார்? கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார்கள்! பின்னர் தோட்ட ஆபீஸ் தஸ்தாவேஜுகள் வழக்கில் வெளிவருகின்றன. மாற்று வீடு தருவதாகப் பழைய நிர்வாகம் எழுதிய கடிதம் அவற்றில் இருக்கிறது. அதைச் சொல்லி வாதாட எதிருரையைத் திருத்தியாக வேண்டும்.

திருத்த வழி உண்டு. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 20-ஆம் கட்டளை அதற்கென்றே இருக்கிறது. வழக்குரைகள் முடிவதற்கு முன் ஒரு முறை அனுமதி கேளாமலே திருத்தலாம். பின்னர் கோர்ட்டின் அனுமதி வேண்டும். 1983-இல் யாமஹா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்தது. மனு நல்லெண்ணத்தோடு வந்ததா? எதிர்க்கட்சிக்கு வரும் பாதகத்தைச் செலவுத்தொகையால் ஈடுகட்டலாமா? வழக்கின் தன்மையே மாறிவிடுமா? இவற்றில் தேறியவருக்குத் திருத்தம் கிடைத்து வந்தது. 2015-இல் ஹோங் லியோங் பைனான்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் கயிற்றை இறுக்கியது. விசாரணை நெருங்கியபின் வரும் மனுவுக்கு அம்மூன்று மட்டும் போதா, தாமதத்துக்குத் தக்க காரணமும் காட்ட வேண்டும் என்றது.

இழுத்தடிப்பவரைத் தடுப்பது சரியே. இழுத்தடிப்பால் நொந்தவர் நாமல்லவா? ஆனால் இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல் என்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். செக்ரோலும் கடிதக் கோப்பும் தோட்டத்தோடு சேர்ந்து முதலாளி கைக்குப் போய்விட்டன. அவர் முதல் நாளே அலமாரியைத் திறந்து பார்த்து வழக்கை எழுதுகிறார். நம்மவர் நினைவை நம்பி எழுதுகிறார். அலமாரியைப் பூட்டி வைத்திருந்தவரே எழுந்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

நம் வக்கீல்கள் மீதும் குறை உண்டு. கவனக்குறைவால் விடுபட்டது என்று சத்தியப் பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அனுமதி எதிர்பார்க்கிறார்கள். அது காரணமா? கடிதம் யார் வசம் இருந்தது, என்றைக்குக் கண்ணில் பட்டது, அதன்பின் எத்தனை நாளில் மனுப் போட்டோம் என்பதையெல்லாம் எழுத வேண்டாமா? இவ்விஷயத்தில் கிராணிமார் கைகொடுக்கலாம். எந்தக் கோப்பில் எது கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வக்கீலுக்குத் தெரியாது.

ஆகவே, தஸ்தாவேஜு கிடைத்த தேதியைக் குறித்துக்கொண்டு அந்த வாரமே வக்கீலிடம் போங்கள். விசாரணைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால், உடனே திருத்த மனுப் போடும்படி எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.