பசை டின் செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

மலேசியாவின் சுங்கை வே வரிசை வீட்டு ஹாலில் இரட்டைக் கட்டில் போர்வை ஒன்றை விரிக்க வேண்டுமென்றால் முதலில் சோபா சுவரோரம் போக வேண்டும், டீ மேசை சமையலறைக்குப் போக வேண்டும். அப்புறம் அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து, ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுவார்கள். அதன்மேல் பஞ்சு விரிப்பு. அதற்கும் மேலே, பழைய சேலையையும் பாத்தேக் துண்டுகளையும் கூட்டித் தைத்த மேல்துணி. இந்த மூன்று அடுக்கும் நகராதபடி உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்த வேண்டும். இரண்டரை மீட்டர் சதுரப் போர்வைக்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்தாலும் கணக்கு அறுநூறைத் தாண்டுகிறது. அத்தனையும் முட்டி போட்டுக் குத்த வேண்டும். தைக்கத் தைக்க ஒவ்வொன்றாகக் கழற்றவும் வேண்டும்.

இந்த முட்டிவலிக்கு மாற்றாக வந்ததுதான் பசை ஸ்ப்ரே. தையல்காரர்களிடையே இதைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. "ஊசியில் பிசின் ஏறும், துணி பாழாகும், நெஞ்சுக்கும் ஆகாது" என்பது ஒன்று. "அடித்தால் போதும், மற்றதைப் பசை பார்த்துக்கொள்ளும்" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம்.

அடுக்குகளை ஏன் முன்கூட்டியே பிணைக்க வேண்டும்? வங்காளத்துக் காந்தாப் போர்வையில் பழைய சேலைகளை அடுக்கி, துணி முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல் போடுகிறார்கள். கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்னும் தங்கள் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போகிறார்கள். கையால் தைக்கும்போது துணி அலைந்தால் விரல் உடனே உணர்ந்து நீவிவிடும். மிஷினுக்கு அந்த விரல் கிடையாது. ஊசிக்கு அடியில் இருக்கும் பற்கள் கீழ்த்துணியை முன்னே இழுக்கின்றன. மேலிருந்து அமுக்கும் பாதம் மேல்துணியைத் தடுத்துப் பிடிக்கிறது. ஒரு தையலுக்கு ஒரு நூலிழை அளவு விலகினாலும், போர்வையின் மறுகோடிக்குப் போவதற்குள் அது பெரிய சுருக்கமாகிவிடும். ஊக்கு, இழையோட்டம், பசை ஆகிய மூன்றும் வந்தது இந்த விலகலைத் தடுக்கத்தான். தையல் விழுந்த பிறகு மூன்றுக்கும் வேலையில்லை.

ஆகவே இந்தப் பசையின் குணம் அதன் பலவீனம்தான். அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் 1968இல் கெட்டியான பசை தேடப் போய், ஒட்டியும் உரிந்தும் மறுபடி ஒட்டும் ஒரு சோனிப் பசையைக் கண்டார். பின்னாளில் அலுவலக மேசைகளில் எல்லாம் ஏறிய மஞ்சள் ஒட்டுத்தாள் அதிலிருந்து பிறந்தது. துணிக்கான தற்காலிகப் பசையும் அதேபோல் நடந்துகொள்கிறது. சுருக்கம் விழுந்தால் மேல்துணியை உரித்து மீண்டும் பரத்தலாம், துவைத்தால் போய்விடும். 505 போன்ற பெயர்களில் தையல் கடைகளில் கிடைப்பது இந்த வகை. ஹார்ட்வேர் கடையில் ஸ்பாஞ்சும் கார்ப்பெட்டும் ஒட்ட விற்கும் டின் வேறு சாதி. மலிவாக இருக்கிறதே என்று அதை அடித்தவர்களுக்குத்தான் ஊசி பிசுபிசுக்கும், துணியில் கறை நிற்கும். புகார் நியாயமானது, டின்தான் தவறு.

சரியான டின் கையில் இருந்தாலும் அடிக்கும் முறை ஒன்று உண்டு. பஞ்சு விரிப்பைப் பாதியாக மடித்து, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடிய தூரத்திலிருந்து மெல்லிய தூறலாகப் பஞ்சின்மேல் அடிக்க வேண்டும், துணியின்மேல் அல்ல. ஈரம் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம். துணியைப் போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவ வேண்டும், பிறகு மறுபாதி. பருத்திப் பஞ்சில் பிடிப்பு நன்றாக இருக்கும். உப்பலான பாலியெஸ்டர் பஞ்சில் மேல் இழைகள் மட்டுமே ஒட்டும், உள்ளே அது நகரும். அதற்கு ஓரங்களில் நாலு ஊக்காவது வேண்டும். ஒட்டிய போர்வையை மாதக்கணக்கில் சுருட்டி வைத்தால் தூசு பிடிக்கும், பிடிப்பும் தளரும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஊக்குக்கும் இதே பாடுதான்: விட்டு வைத்தால் துருக்கறை. எதில் பிணைத்தாலும் சீக்கிரம் தைத்துவிடுவதே நல்லது.

இனி, நெஞ்சுக்கு ஆகாது என்ற பேச்சு. துணியில் தங்கும் பசையைப் பற்றிக் கவலைப்படுவது வீண். பார்க்க வேண்டியது காற்றை. பல டின்களில் ஓசோனுக்குக் கேடில்லை என்று எழுதியிருக்கும். அதைப் படித்து, மூச்சுக்கும் கேடில்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. 1987ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஓசோனை அரிக்கும் வாயுக்கள் டின்களை விட்டுப் போயின. மலேசியா 1989இல் அதில் சேர்ந்தது. அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்தவை பியூட்டேன், புரொப்பேன் போன்றவை, அதாவது அடுப்பு எரியும் அதே கேஸ். வானத்துக்கு நல்லது நடந்தது. ஹாலுக்குத் தீ அபாயம் வந்தது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு படரும், குழந்தை தவழும் உயரத்தில் தங்கும். சாமி மேடை விளக்கு, சமையலறை அடுப்பு, மூலையில் புகையும் கொசுவர்த்தி எதுவும் அப்போது எரியக் கூடாது.

பசையைக் கரைத்து வைத்திருக்கும் திரவமும் கவனிக்க வேண்டியது. 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே செருப்பு ஒட்டிப் பிழைத்தவர்களுக்குக் கைகால் மரத்து, நடை தளர்ந்தது. பசையில் இருந்த ஹெக்சேன்தான் காரணம் என்று கண்டார்கள். அவர்கள் அடைத்த அறையில் தினமும் மணிக்கணக்கில் வேலை செய்தவர்கள். வருஷத்துக்கு ஒரு போர்வை தைப்பவருக்கு அதே கதி வரும் என்று சொல்வது மிகை. ஆனால் அந்த நோய் பெரிய ஆலையில் வரவில்லை, வீட்டில் வந்தது என்பதை மறக்க வேண்டாம். சுங்கை வே சுதந்திர வர்த்தக வலயத்து மின்னணு ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் நம்மிடையே நிறைய. ஆலைக்குள் ரசாயனம் காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 2000ஆம் ஆண்டின் விதிமுறை உண்டு. அளந்து பார்க்கவும் ஆள் உண்டு. வீட்டு ஹாலுக்கு அந்த அதிகாரி வரமாட்டார். இங்கே டின்னின் முதுகில் இருக்கும் பொடி எழுத்துதான் விதிமுறை, அதைப் படிப்பவரே அதிகாரி.

கதவும் சன்னலும் திறந்திருக்க, முகக்கவசத்தோடு அடிப்பது நல்லது. கார் நிறுத்தும் முன்கூடம் அதைவிட நல்லது. துணிக்கவசம் தூறலைத்தான் ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. காற்றோட்டமே பெரிய காப்பு. இழுப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊக்கோடு இருந்துவிடலாம். சின்ன விரிப்புக்குப் பிள்ளைகளின் துவைத்தால் போகும் வெள்ளைப் பசையைத் தண்ணீர்விட்டுத் தடவினாலும் போதும். டின்னைக் காரில் விடக் கூடாது. 50 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது என்பது இத்தகைய டின்களின் பொது எச்சரிக்கை. கிள்ளான் பள்ளத்தாக்கு வெயிலில் மூடிய கார் அந்தச் சூட்டைச் சுலபமாக எட்டும்.

மொத்தத்தில் டின் மிச்சப்படுத்துவது முட்டிகளையும் ஒரு பிற்பகலையும்தான். தையலை அது ஈடுசெய்யாது; ஒழுங்காகப் பயன்படுத்தினால் துணியைக் கெடுக்காது. வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் சாமி மேடையில் விளக்கேற்றும்போது வாடை போயிருக்கட்டும், டின் அலமாரியில் இருக்கட்டும்.