பாட்டும் பொருளும்: வாய் அறிந்ததை மனம் அறிய வேண்டாமா?



நாகபுரியில் வசிக்கும் அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய பத்து வயதுப் பெண் நவராத்திரிக்காக நந்தனார் சரித்திரத்திலிருந்து ஒரு கீர்த்தனம் கற்றுக்கொண்டாளாம். சுருதியும் தாளமும் பிசகாமல் பாடினாளாம். பாடி முடித்ததும், “அப்பா, உள்ளே வரலாமா என்று இதில் யார் கேட்கிறார்? கோயிலுக்குப் போக யாரைக் கேட்க வேண்டும்?” என்றாளாம். தந்தைக்கு விடை சொல்ல வரவில்லை. “இசை இனிமையாக இருந்தால் போதாதா? அர்த்தம் வேறு தெரிய வேண்டுமா?” என்பது அன்பரின் கேள்வி.

இசைக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை மறுப்பார் இல்லை. சொல்லே இல்லாத நாதசுர ஓசையைக் கேட்டு நாம் உருகுவதில்லையா? மொழி அறியாமலே தெலுங்குக் கீர்த்தனங்களை அனுபவிப்பதில்லையா? ஆகவே பொருள் தெரியாமல் பாடுவது குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் வீடுகளின் நிலைமை வேறு. மாதுங்காவிலும் கரோல்பாகிலும் கரக்பூரிலும் வளரும் குழந்தைக்குப் பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. வீட்டில் தமிழ் பேசினாலும் அது பெரும்பாலும் ‘சாப்பிட வா’, ‘கதவைச் சாத்து’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அத்தகைய குழந்தை முழுமையாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நல்ல தமிழ் பாட்டு ஒன்றுதான். அதன் பொருளும் போய்விட்டால், பெட்டி நம் கையில், சாவி ஊரில் என்ற கதையாக முடியும்.

பொருள் காண்பது புலவர்களுக்கே உரிய வேலை என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. நானும் புலவன் அல்லன். ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதும் குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு சரி. எனினும் நான்கு விஷயங்களைக் கவனித்தால் எந்தப் பாட்டும் தன் பொருளை நம்மிடம் சொல்லத் தொடங்கும் என்பது என் அனுபவம்.

முதலாவது, எழுத்து. நம் குழந்தைகளிற் பலர் தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். மேடைக்கு அவசரமாகத் தயார் செய்யும்போது இது சுலபமான வழிதான். ஆனால் பள்ளியில் கற்பிக்கும் இந்தி எழுத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேற்றுமை இல்லை. ‘கொடி’ என்று எழுதினாலும் ‘கோடி’ என்று எழுதினாலும் ஒன்றே. ‘எடு’ என்பதும் ‘ஏடு’ என்பதும் ஒன்றே. ழகரமோ அதில் அறவே இல்லை. ஆங்கில எழுத்திலோ பல், பால், பாழ் என்ற மூன்றையும் ஒரே விதமாக எழுதிவிடுவோர் உண்டு. கொடியிலே பூத்தது என்று பாட வேண்டிய குழந்தை, கோடியிலே பூத்தது என்று பாடுகிறது. தாளம் தப்பவில்லை, பொருள் தப்பிவிட்டது. ஆகவே ஒரே ஒரு பாட்டையாவது தமிழ் எழுத்திலேயே எழுதிப் பார்க்கச் செய்வது முதற் படி.

இரண்டாவது, சொற்பிரிப்பு. தமிழில் சொற்கள் கைகோத்து நடப்பவை. எங்கே பிரிப்பது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இத்தகைய சொற்களைப் ‘பொதுமொழி’ என்று ஒரு வகையாகவே எண்ணினார். ‘எட்டு’ என்பது பிரியாமல் நின்றால் ஓர் எண். எள் + து என்று பிரிந்தால் எள்ளை உண் என்னும் ஏவல். ‘வேங்கை’ பிரியாமல் நின்றால் மரமோ புலியோ ஆகும். வேம் + கை என்று பிரிந்தால் வேகின்ற கை. ‘தாமரை’ பூவாகவும் நிற்கும். தா + மரை என்று பிரிந்து தாவுகின்ற மானாகவும் நிற்கும்.

பாடும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம். ‘கண்ணனடி’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘கண்ணன் அடி’ என்று மூச்சு விட்டால் கண்ணனுடைய திருவடி. சேர்த்துப் பாடினால், ‘அவன் கண்ணனடி!’ என்று தோழியிடம் சொல்லும் பேச்சு. முன்னது வணக்கம், பின்னது உறவாடல். எது சரி என்பதை முன்னும் பின்னும் உள்ள சொற்களே தீர்மானிக்கும். பாட்டை ஒருமுறை இராகமின்றி, வசனம்போல வாசித்துப் பார்த்தால் மூச்சு எங்கே விட வேண்டும் என்பது தானே விளங்கும். இசை கற்பிக்கும் ஆசிரியைகள் இந்த வாசிப்புக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கினாலே பெரிய உபகாரம்.

மூன்றாவது, யார் யாரிடம் சொல்கிறார் என்பது. எங்கள் பார்சல் அலுவலகத்தில் ஒரு மூட்டையை ஏற்கும்போது முதலில் பார்ப்பது அனுப்புகிறவர் பெயரும் பெறுகிறவர் பெயரும்தான். உள்ளே இருக்கும் சரக்கு எத்தனை உயர்ந்ததாயினும், அவ்விரண்டும் அழிந்துபோனால் மூட்டை சேருமிடம் சேராது. பாட்டும் அப்படியே.

நாகபுரிச் சிறுமியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. உள்ளே வரலாமா என்று கேட்பவர் நந்தனார். கேட்பது தில்லை நடராசரிடம். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அவருக்கு, சாதியின் காரணமாகக் கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அவரைத் திருநாளைப்போவார் என்று அழைக்கிறது. தில்லைக்குச் செல்லத் துணியாமல் ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லி நாள் கடத்தியதால் வந்த பெயர் அது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனங்களாகச் செய்தபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார். நந்தனாரைப் பண்ணை வேலையை விட்டு அசைய விடாத வேதியராகிய ஆண்டைதான் அவர். இது தெரிந்தபின் அந்தக் கீர்த்தனம் வெறும் பக்திப் பாட்டாக நிற்பதில்லை. வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதன் ஒருவனின் குரல் அதில் கேட்கிறது. மேடையில் ஒரு குழந்தை அதைச் சிரித்துக்கொண்டே பாடுவதும், நாம் சிரித்துக்கொண்டே கை தட்டுவதும் பொருள் அறியாமையால் வருவன. அந்தப் பெண் கேட்டாளே, கோயிலுக்குப் போக யாரைக் கேட்க வேண்டும் என்று, அது அருமையான கேள்வி. ‘ஒரு காலத்தில் கேட்க வேண்டியிருந்தது, அம்மா, கேட்டும் விடவில்லை’ என்று தந்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாட்டு ஒன்று நம் சமூகத்தின் சரித்திரத்தைக் குழந்தைக்குக் கற்பிக்குமானால், அதைவிடப் பெரிய பயன் வேறென்ன?

மற்றோர் உதாரணம் பாரதியாரின் கண்ணன் பாட்டு. 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட அந்நூலில் கண்ணன் ஒரு பாட்டில் தோழன், ஒரு பாட்டில் தாய், ஒரு பாட்டில் சேவகன், ஒரு பாட்டில் சீடன். சில பாட்டுகளில் அவனே பெண்ணாகிக் கண்ணம்மாவாக வருகிறான். பிற்காலத்துச் சினிமாப் பாட்டுகள் பலவற்றில் காதலியைக் ‘கண்ணம்மா’ என்று அழைப்பதைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள், கண்ணம்மா என்ற பெயர் வந்தாலே காதற் பாட்டு என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் ‘மணமகள்’ (1951) என்ற படத்தின் மூலம் வீடுதோறும் பரவிய பாட்டு, ‘கண்ணம்மா – என் குழந்தை’ என்ற தலைப்பில் உள்ளது. பராசக்தியையே குழந்தையாகக் கண்டு பாடியது என்ற குறிப்பும் அதற்கு உண்டு. தாயொருத்தி தன் மகவைக் கொஞ்சுவதாக அதைப் பாடலாம். உலகத்தின் தாயையே தன் மடியில் வைத்துக் கொஞ்சுவதாகவும் உணரலாம். தலைப்பைப் படிக்காமல் விட்டால் இரண்டும் இல்லை.

இந்த ஐயம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. நம் குழந்தைகள் பள்ளியில் பாடும் தேசிய கீதமும் 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தாக் காங்கிரஸ் மகாசபையில் முதன்முதலாகப் பாடப்பட்டபின், அதில் போற்றப்படுபவர் யார் என்ற வாதத்தில் சிக்கியது. அம்மாதத்தில்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவுக்கு வந்திருந்தார். மன்னரையே பாட்டுக் குறிக்கிறது என்று சிலர் சொன்னார்கள். யுகந்தோறும் இந்தியாவின் தேரைச் செலுத்திவரும் இறைவனையே குறித்ததாகவும், அது எந்த மன்னரும் ஆக முடியாது என்றும் கவி ரவீந்திரநாத தாகூர் 1937-இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். யாரிடம் சொல்லப்பட்டது என்ற ஒன்று கலங்கினால், மகாகவியின் பாட்டும் வழக்கில் சிக்கும் என்பதற்கு இது சான்று.

நான்காவது, சொல்லின் அந்நாளைய பொருள். ‘நாற்றம்’ என்றால் இன்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். திருப்பாவையிலோ அது துளசியின் நறுமணம். ‘பறை’ என்றால் கொட்டும் வாத்தியம் என்றே அறிவோம். திருப்பாவையின் பெண்களும் நோன்புக்குப் பறை வேண்டுமென்றே கேட்டு வருகிறார்கள். ஆனால் 29-ஆம் பாசுரத்தில், தாங்கள் விரும்புவது அந்தப் பறையன்று, என்றென்றும் கண்ணனுக்கு உறவாகி அவனுக்கே ஆட்செய்வதுதான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். முதற் பாசுரத்தோடு நிறுத்திவிடுகிறவருக்கு இந்தத் திருப்பம் கிட்டாது.

திருப்பாவை பாசுரத்துக்கு எட்டு அடியாக 30 பாசுரம். ஆக 240 அடி. அதற்குப் பெரியவாச்சான் பிள்ளை செய்த உரையின் பெயர் மூவாயிரப்படி. படி என்பது ஒற்று நீங்கலாக 32 எழுத்துக் கொண்ட அளவு. பெயரின்படி கணக்கிட்டால் 96,000 எழுத்து ஆகிறது! நம் முன்னோர் பாடுவதோடு திருப்தி அடைந்துவிடவில்லை. பொருளை எண்ணி எண்ணி மகிழ்ந்திருக்கிறார்கள்.

இதற்காக ஒவ்வொரு சொல்லிலும் ஒரு வேதாந்தத்தைத் திணிக்க வேண்டுமென்று பொருளன்று. தாலாட்டின் ஆராரோவுக்கும், தெம்மாங்கின் தன்னானேவுக்கும் அகராதி தேடி அலைய வேண்டாம். அவை ஓசைக்காகவே வந்தவை. மற்றச் சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் துணை செய்யும். இப்போது அதைக் கைப்பேசியிலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். ஊரில் இருக்கும் பாட்டியாரிடம் தொலைபேசியில் கேட்பது அதனினும் இனிய வழி. பாட்டியாருக்கும் பேத்திக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாவில் பாட வரும் ஒவ்வொரு குழந்தையும், பாடுவதற்கு முன் அப்பாட்டை இயற்றியவர் யார், அதில் யார் யாரிடம் பேசுகிறார் என்பதை இரண்டே வாக்கியங்களில் சொல்லும்படி ஏற்பாடு செய்யலாம். அரை நிமிஷத்துக்கு மேல் ஆகாது. திக்கித் திணறிச் சொன்னாலும் பாதகமில்லை. அது குழந்தையின் சொந்தத் தமிழாக இருக்கும்.

உங்கள் வீட்டில் பாடப்படும் பாட்டுகளில் பொருள் விளங்காத சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் காவடிச் சிந்தில் வரும் சில சொற்களைப் பார்ப்போம்.