கடல் கொண்டவர்க்குக் கல்லில் இடமில்லையா?

உலகப் போர்களில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க மக்களை நினைவுகூர்வதில் பாரபட்சம் நேர்ந்ததென்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் மன்னிப்புக் கோரியது முதல், விடுபட்ட பெயர்களைக் கணினித் திரையில் ஏற்றிவிட்டால் நியாயம் பூர்த்தியாகிவிடும் என்றோர் எண்ணம் படித்தவர்களிடையே பரவிவருவதைக் கண்டு வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

கல்கத்தாவில், ஹூக்ளி நதிக்கரையில், ஹேஸ்டிங்ஸ் பகுதியில் நிற்கும், லஸ்கர் எனப்பட்ட இந்தியக் கப்பலாட்களின் நினைவுச் சின்னத்தைப் போய்ப் பார்ப்பவர்களுக்கு, திரையில் ஏறினால் போதாது, பெயர் கல்லிலும் நிற்க வேண்டும் என்று நான் சொல்வது எளிதில் விளங்கும். முதல் உலகப் போரில் உயிர்நீத்த வங்காள, அஸ்ஸாம் கப்பலாட்கள் 896 பேருக்காகக் கப்பல் கம்பெனிகள் எழுப்பி, 1924-இல் கவர்னர் லிட்டன் பிரபு திறந்துவைத்த அந்த நாற்புறத் தூணில், பக்கத்துக்கொன்றாகப் பழங்காலக் கலத்தின் முகப்பு துருத்தி நிற்கிறது. அதன் கீழே அலைகளைக் குறிக்கும் நெளிகோடுகள். உச்சியில் சிறு ஸ்தூபிகளும் குவிமாடமும். சிதிலமடைந்து கிடந்த அதனை 1990-களில் நம் கடற்படையினர் சிரத்தையோடு புதுப்பித்தார்கள். அழகுக்குக் குறைவில்லை, 896 என்ற எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணுக்குரிய மனிதர்களின் பெயர்கள்தாம் இல்லை.

லண்டன் டவர் ஹில்லுக்குப் போனால் நிலைமை வேறு. 1928-இல் திறக்கப்பட்ட மண்டபத்தில் முதற்போரின் வணிகக் கப்பலாட்கள் சுமார் 12,000 பேர். 1955-இல் சேர்க்கப்பட்ட தோட்டத்தில் இரண்டாம் போரினர் சுமார் 24,000 பேர். கப்பல் வாரியாக, கப்பல் தலைவன் முதலில், மற்றவர் அகரவரிசையில், யாவரும் வெண்கலத்தில். பன்னீராயிரமும் இருபத்துநாலாயிரமும் பெயர் பெற்ற உலகில் எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு மட்டும் ஏன் தொகையாகவே நிற்க வேண்டும்?

1940 செப்டம்பர் 17 இரவு, 'சிட்டி ஆஃப் பெனாரெஸ்' கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் மடிந்த அத்துயரத்தைப் பிரிட்டன் மறக்கவில்லை. உடன் மாண்ட இந்தியக் கப்பலாட்கள் சுமார் நூறு பேரை நினைப்பவர் யார்? ஒரே கப்பல், ஒரே இரவு, ஒரே கடல்; ஆயினும் வெள்ளையர் பெயர் டவர் ஹில் வெண்கலத்தில், நம்மவர் பெயர் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்ட பதிவேட்டின் தாளில். இரண்டாம் போரில் இந்திய வணிகக் கப்பலாட்கள் ஏறக்குறைய 6,000 பேர் இவ்வாறு ஏட்டுக்குள் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

கூலிக்குச் சென்று அந்நிய சாம்ராஜ்யத்துக்காக மாண்டவர்களுக்குச் சுதந்திர நாட்டில் சின்னம் எதற்கென்று கேட்கும் தேசபக்தர்களுக்கு விரிவாகப் பதில் சொல்வது வீண். அவர்கள் சரித்திரம் படித்தவர்களல்லர். வெள்ளை மாலுமியின் ஊதியத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு, நீர்மூழ்கியின் குண்டு பாய்ந்தால் முதலில் வெந்து சாகும் இயந்திர அறையில் கரி அள்ளிப் போட்ட இந்தக் கப்பலாட்கள், 1939-இல் போர் மூண்டவுடனேயே துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து, சிறையும் சென்று, ஊதிய உயர்வைப் போராடிப் பெற்றார்கள். இதைவிடத் தன்மானமுள்ள இந்தியரை அந்நாளில் எங்கே தேடுவது?

ஆதலால் என் கோரிக்கை ஒன்றுதான். கப்பல் கம்பெனிகளின் பழைய பணியாளர் ஏடுகளைத் துருவி, 896 பேரில் கண்டெடுக்க முடிந்த ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் கப்பல் வாரியாகக் கல்கத்தாச் சின்னத்தின் அடியிலேயே பொறிக்க வேண்டும். பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள ஆறாயிரத்துக்குப் பம்பாய்த் துறைமுகத்தில், மக்கள் வந்து கைதொட்டுப் பார்க்கத்தக்க இடத்தில், வெண்கலச் சுவர் எழுப்ப வேண்டும். இதன் செலவு முழுவதும் லண்டனைச் சேர்ந்தது. அது நடந்தேறும் வரையில், 2021-இல் கோரப்பட்ட மன்னிப்பை இந்தியா ஏற்றுக்கொள்ளலாகாது.