உறையாத இரத்தம்

சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "சார், பாம்பு கடித்த இடத்தைப் பிளேடால் கீறிவிட வேண்டும் என்று தாத்தா சொல்கிறாரே, சரிதானா?" என்று கேட்டான். பெரியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கெடாவில் பால்மரம் சீவிய என் பெரியப்பா காலிலும் அப்படித்தான் கீறினார்கள். பொழுது விடிந்தும் இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகே பிழைத்தார்.

கடித்தது குழிவிரியன். மலாய்க்காரர்கள் 'உலார் காப்பாக் போடோ' என்பார்கள். போடோ என்றால் மடையன். ஆள் நெருங்கினாலும் நகராமல் சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும். நாட்டின் வட பகுதியில்தான் உண்டு, நம் ஜொகூரில் இல்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் வடக்கே போகிறார்களே!

பினாங்கு பொது மருத்துவமனையில் பணிபுரிந்த பிரிட்டன் மருத்துவர் அலிஸ்டர் ரீட், கடிபட்டு வந்தவர்களின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தார். சில நிமிடங்களில் உறைய வேண்டிய இரத்தம் தண்ணீராகவே நின்றது. நஞ்சுமுறிவு மருந்து கொடுக்காதவர்களுக்கு நாள் கணக்கில் அப்படியே இருந்தது. 1963இல் இதை 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்.

காரணத்தைப் பால் கொட்டகையில் நின்றவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். பாலில் அமிலம் ஊற்றினால் உறைகிறது. பாலில் ரப்பரே இல்லாமல் தண்ணீர் மட்டும் இருந்தால் எவ்வளவு ஊற்றித்தான் என்ன? இரத்தத்தில் அந்த ரப்பரைப் போன்றது பைப்ரினோஜன் என்னும் புரதம். பாம்பின் நஞ்சு அதை வலுவில்லாத நூலாக்கிக் கரைந்துபோகச் செய்கிறது. பிறகு உறைவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வியப்பு என்னவென்றால், இரத்தம் உறையாத நிலையிலும் பலருக்குப் பெரிய இரத்தப் போக்கு ஏற்படவில்லை. அப்படியானால், இரத்தக் குழாய்க்குள் கட்டி அடைத்தவர்களுக்கு இதுவே மருந்தாகாதா? இந்த நஞ்சிலிருந்து 'ஆன்க்ராட்' என்ற மருந்து பிறந்தது. 1968இலேயே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதத்துக்கு 2000இல் அமெரிக்காவில் வெளியான சோதனை நம்பிக்கை தந்தது. 2006இல் வெளியான ஐரோப்பியச் சோதனையில் பலன் தெரியவில்லை. எனக்கு இதில் ஏமாற்றமில்லை. பலன் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டார்களே!

பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "கீறாதே, உறிஞ்சாதே, கயிறு போட்டு இறுக்காதே. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாத்தாவிடமிருந்து பிளேடை வாங்கி வைத்துவிடு" என்றேன்.

"முடியாது சார், அதில்தான் அவர் முகம் மழிக்கிறார்" என்றான்.