மொரப்பூர் பாதை: அடிக்கல் போதும், தண்டவாளம் எங்கே?

தருமபுரியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போக நினைப்பவருக்கு இன்றும் இரண்டு வழிகள்தான். பஸ் ஏறி மொரப்பூர் போய், அங்கே நிற்கிற ஏற்காடு எக்ஸ்பிரஸ் போன்ற வண்டிகளைப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தெற்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல் இறங்கிச் சேலம் போக வேண்டும். சேலத்தில் ஏறும் வண்டிகளில் பெரும்பாலானவையும் மறுபடி மொரப்பூர் வழியாகத்தான் சென்னைக்குப் போகின்றன. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஓர் ஊரை, 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சம் பேர் வாழும் மாவட்டத்தின் தலைநகரை, இப்படி அலைய விட்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் தருமபுரியையும் மொரப்பூரையும் ரயில் ஒருகாலத்தில் இணைத்திருந்தது. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை போடப்பட்டது. மழை பொய்த்த காலத்தில் வறண்ட ஊர்களுக்குத் தானியம் கொண்டுசேர்க்கப் போட்ட பஞ்ச நிவாரணப் பாதை அது. சில ஆண்டுகளில் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், வண்டியை நிறுத்தித் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். போர் 1945இல் முடிந்தது. பெயர்த்த தண்டவாளம் திரும்பி வரவே இல்லை. நாடு விடுதலை பெற்றது, மாவட்டம் பிறந்தது, 2004இல் கிருஷ்ணகிரி தனியே பிரிந்தும் போனது. மூன்று தலைமுறை மக்கள் இந்தப் பாதையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெள்ளைக்கார அரசு பஞ்சத்துக்காகச் செய்து கொடுத்ததைச் சுதந்திர இந்தியா இவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

2016-17 ரயில்வே நிதிநிலையில் மொரப்பூரிலிருந்து மூக்கனூர் வழியாகத் தருமபுரிக்கு 36 கி.மீ. அகலப் பாதை அமைக்க ஒப்புதல் கிடைத்தபோது, இந்த ஏக்கம் தீர்ந்தது என்று ஊர் நம்பியது. மதிப்பீடு சுமார் 359 கோடி ரூபாய். 2019 மார்ச்சில், மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்படும் நேரத்தில், அன்றைய ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் அடிக்கல் நாட்டினார். அதற்குப் பிறகு இரண்டு மக்களவைத் தேர்தல்கள் முடிந்துவிட்டன. 36 கிலோமீட்டரில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக்கூட வண்டி ஓடவில்லை.

இதை நிர்வாகத் தாமதம் என்று சொல்லித் தப்பிக்க விடக்கூடாது. 1990இல் வேலை தொடங்கிய கொங்கண் ரயில்வே, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரமாக, ஆற்றுக்கு ஆறு பாலமும் குன்றுக்குக் குன்று சுரங்கமுமாக ஏறத்தாழ 740 கி.மீ. பாதையை 1998 ஜனவரியில் முடித்துத் திறந்தது. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே கடக்க வேண்டிய பெரிய மலையும் இல்லை, காவிரி போன்ற பேராறும் இல்லை. இந்த நாட்டுப் பொறியாளர்களால் முடியாத வேலை இது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். முடிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் மேலே இருப்பவர்களிடம் இல்லை.

எண்ணம் இல்லை என்பதை ஒதுக்கீட்டுத் தொகைகளே காட்டிக்கொடுக்கின்றன. தமிழ்நாட்டின் புதிய பாதைத் திட்டங்கள் பலவற்றுக்குத் தலா 1,000 ரூபாய் ஒதுக்கிய நிதிநிலைகளை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. திட்டத்தின் பெயர் கணக்குப் புத்தகத்திலிருந்து விழுந்துவிடாமல் இருக்க மட்டுமே அந்த ஆயிரம் ரூபாய் உதவும். அதில் ஒரு ஸ்லீப்பர் கட்டைகூட வாங்க முடியாது. கோரிக்கை வைத்துக் களைத்த மக்களுக்கு முன்னால் அப்படி ஒரு எண்ணை அச்சடிப்பது அவமதிப்பு. பிந்தைய ஆண்டுகளில் கோடிகளில் தொகை எழுதப்பட்டாலும், எழுதிய தொகை செலவாகவில்லை என்றால் அதுவும் காகிதம்தான்.

நிலம் கிடைக்கவில்லை என்பது ரயில்வே தரப்பின் வாடிக்கையான பதில். பணம் வரவில்லை என்பது மாநிலத் தரப்பின் பதில். நிலத்தைக் கையகப்படுத்தித் தர வேண்டியது மாநில வருவாய்த் துறை, அதற்கான தொகையைக் கட்ட வேண்டியது ரயில்வே. இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருக்கும் வரை கோப்பு நகராது என்பது எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்கு, மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கிறது. தருமபுரி நிலையமோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கிறது. இரு முனையும் இரு வீட்டுப் பிள்ளையாக இருப்பதால் யாருக்கும் முழுப் பொறுப்பு இல்லை. இந்தப் பிளவைச் சரிசெய்ய வேண்டியது டெல்லியில் இருக்கும் ரயில்வே வாரியம். வேறு எவராலும் அது ஆகாது.

நிலம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய குறுகிய பாதை ஓடிய தடத்தில் தருமபுரிப் பக்கம் இன்று வீடுகள் நிற்கின்றன. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு பல பத்தாண்டுகள் அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காதவர்கள் அரசினர்தான். வேறு போக்கிடம் இல்லாத குடும்பங்கள் அங்கே குடிசை போட்டன, பிறகு சுவர் எழுப்பின. அவர்களைக் குற்றவாளிகளாக்கித் திட்டத்தின் தாமதத்தை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். புதிய தடத்துக்கு நிலம் கொடுக்கும் விவசாயிக்கு 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சொல்கிற முழு இழப்பீடும் கையில் கிடைக்க வேண்டும். கிணறும் மாமரமும் கணக்கில் வர வேண்டும். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் நிலம் கொடுக்க மறுக்கும் ஊர் இல்லை இது. கல்லை நட்டு அளந்துவிட்டு, விற்கவும் முடியாமல் கடன் வாங்கவும் முடியாமல் வருடக்கணக்கில் தொங்கவிடுவதைத்தான் விவசாயிகள் எதிர்க்கிறார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது.

நிலத்தை விட்டுக் கொள்கைக்கு வந்தால், நடுத்தர நகரங்களுக்கு இலகு ரயில் வேண்டும் என்று மத்திய அரசே பேசியது. 2019 ஜூலையில் ‘மெட்ரோலைட்’ என்ற பெயரில் சிறு நகரங்களுக்கான இலகு ரயிலுக்கு விதிமுறைகள் வெளியிட்டது. அதே அரசு 2025 நவம்பரில், 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்பதைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டிக் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களைத் திருப்பி அனுப்பியது. கோவைக்கும் மதுரைக்குமே இந்த நிலை என்றால், 2011 கணக்கெடுப்பில் எழுபதாயிரம் பேர்கூட இல்லாத தருமபுரி நகராட்சிக்கு மெட்ரோ வரப்போவதில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. பக்கத்தில் மொரப்பூர் வழியாக ஓடுகிற சென்னைப் பெரிய பாதையோடு ஊரைச் சேர்த்துவிட்டு, காலையிலும் மாலையிலும் நான்கு மெமு வண்டி ஓட்டினால் போதும், மாவட்டத்தின் போக்குவரத்தே மாறிவிடும். பெரிய நகரங்களுக்கு எண்ணிக்கையைக் காரணம் காட்டி மறுப்பவர்கள், சிறிய ஊருக்கு ஒப்புதல் கொடுத்த எளிய பாதையையும் போடாமல் வைத்திருப்பதை எந்தக் கொள்கையால் நியாயப்படுத்துவார்கள்?

தொடங்கிய திட்டத்தைத் தவிக்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. கொழும்பில் கோட்டையிலிருந்து மாலபே வரை ஜப்பான் கடனில் திட்டமிட்ட இலகு ரயிலை, 2020 செப்டம்பரில் இலங்கை அரசு ஒரே உத்தரவில் ரத்து செய்தது. கைவிட்ட திட்டத்துக்கான செலவும் நம்பிக்கை இழப்பும் அந்த நாட்டின் தலையில் விழுந்தன. நெரிசல் அப்படியே இருக்கிறது. நம் மாநிலத்தில் தேனி மாவட்டமும் இதை அனுபவித்தது. அகலப் பாதையாக்குவதற்காக மதுரை–போடி வண்டியை 2010 டிசம்பரோடு நிறுத்தினார்கள். 90 கி.மீ. பாதையில் ரயில் போடிநாயக்கனூர் வந்து சேர 2023 ஜூன் ஆனது. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஊர்ப் பிள்ளைகள் ரயிலைப் பார்க்காமலே வளர்ந்தார்கள்.

தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நல்லம்பள்ளிப் பக்கம் சிப்காட் வருகிறது. பாலக்கோட்டுத் தக்காளி வெளியூர் போகிறது. அரூர், பென்னாகரம் கிராமங்களிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பையோடு பஸ் நிலையங்களில் படுத்துக்கிடக்கிறார்கள். சாலை என்றால் தொப்பூர் கணவாய்; அங்கே லாரிகள் மோதிக் கவிழாத ஆண்டு இல்லை. தருமபுரிக்கு இப்போது இருக்கிற சேலம்–பெங்களூரு ரயில் பாதையும் அதே மலைப் பகுதியில்தான் இறங்குகிறது. 2021 நவம்பர் 12 அதிகாலை, தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே பாறைகள் விழுந்து கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. அந்தத் தடம் அடைபட்டால் தருமபுரிக்குச் சேலம் பக்கம் போக வேறு ரயில் வழி கிடையாது. மொரப்பூர் பாதை இருந்தால் அந்த மாற்று வழி இருக்கும்.

2014 முதல் தருமபுரி மக்களவைத் தொகுதி அன்புமணி ராமதாஸ், செந்தில்குமார், ஆ. மணி என மூன்று எம்.பி.க்களைப் பார்த்துவிட்டது. கட்சிகள் மாறினாலும் கோரிக்கை மாறவில்லை. பேச்சாலும் மனுக்களாலும் ஆவது ஆகிவிட்டது. இனி வேண்டியது செயல்.

நிலம் எவ்வளவு எடுக்கப்பட்டது, எவ்வளவு மீதி, இழப்பீடாகக் கொடுத்தது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்பதை வருவாய்த் துறையும் தெற்கு ரயில்வேயும் சேர்ந்து ஊர்வாரியாக வெளியிட வேண்டும். மதிப்பீட்டை இன்றைய விலைக்குத் திருத்தி, மீதித் தொகை முழுவதையும் அடுத்த இரண்டு நிதியாண்டுகளில் ஒதுக்க வேண்டும். மொரப்பூர் பக்கம் நிலம் கையில் வந்த பகுதியில் உடனே மண் வேலைக்கு டெண்டர் விட வேண்டும். கடைசி ஏக்கர் வரும்வரை காத்திருப்பது வேலை செய்யாமலிருக்கச் சொல்லும் சாக்கு. இரண்டு ரயில்வே மண்டலங்களுக்கும் மேலாக இந்தப் பாதைக்கென்று ஒரே அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் அறிவிக்க வேண்டும். பாதை வரும்வரை, மொரப்பூரில் நிற்கும் இரவு வண்டிகளின் நேரத்துக்குப் பொருந்தத் தருமபுரியிலிருந்து பஸ் விட வேண்டியது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கடமை. அதற்கு யார் ஒப்புதலும் தேவையில்லை, நாளையே தொடங்கலாம்.

மொரப்பூர் பாதை வழியாகத் தருமபுரியில் முதல் வண்டி வந்து நிற்கும் மாதத்தையும் ஆண்டையும் ரயில்வே வாரியம் எழுத்தில் தர வேண்டும். அந்தத் தேதி தவறினால் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும்.