முதலில் நீர், பிறகு கன்று

எண்ணெய்ப் பனை நட வாரீர் என்று அரசினர் அழைக்கின்றனர். 2021 ஆகஸ்டில் மைய அரசு 11,040 கோடி ரூபாய் மதிப்பில் எண்ணெய்ப் பனைக்கென்றே ஒரு தேசியத் திட்டத்தை ஏற்றது. ஹெக்டேருக்கு 12,000 ரூபாயாக இருந்த கன்று உதவித்தொகை 29,000 ரூபாயாக உயர்ந்தது. மரம் காய்ப்புக்கு வரும்வரை நான்கு ஆண்டுகளுக்குப் பராமரிப்புக்கும் ஊடுபயிருக்கும் உதவி உண்டு. நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வந்து இறங்குகிறது. அந்த நிலை மாற வேண்டும் என்பதை யார் மறுப்பர்? நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்த அழைப்பு ராமகுப்பத்து மேட்டு நிலத்துக்கும் வந்து சேருமானால், நிலக்கடலை விதைத்துப் பழகிய நம் உழவர் என்ன விடை சொல்வது? அதைத்தான் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

மரத்தின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்வோம். நன்றாகப் பேணிய ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனை ஆண்டுக்கு 20 டன் குலை தரும். அதிலிருந்து மூன்றரை டன் அளவுக்கு எண்ணெய் இறங்கும். மானாவாரி நிலக்கடலையில் அதே பரப்பில் அரை டன் தேறுவதே அரிது. கோதாவரி மாவட்டங்களில் இந்த மரத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஏலூரை அடுத்த பெதவேகியில் இதற்கென்றே மைய அரசின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. மலேயாவில் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வணிக நடவு தொடங்கியது. அங்கே செம்பனைக் காடுகளை உருவாக்கிய கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான மரம் அன்று.

ஆனால் மலேயாவில் ஆண்டு முழுதும் மழை. கோதாவரியில் கால்வாயும், கைக்கெட்டும் நிலத்தடி நீரும் உண்டு. ராமகுப்பத்திலோ ஆயிரம் மில்லிமீட்டரை எட்டாத மழை. அதுவும் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. குப்பம் பகுதியைத் தொட்டுக்கொண்டு வாணியம்பாடிப் பக்கம் போகும் பாலாறு பெரும்பாலான நாட்களில் மணலாறு. ஆயிரம் அடி ஆழ்துளை இறக்கியும் காற்றுதான் வந்தது என்ற கதையை இங்கே வீட்டுக்கு வீடு கேட்கலாம்.

இந்த மரம் எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள். ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நட்டால் ஹெக்டேருக்கு 143 மரம், ஏக்கருக்கு 57. காய்க்கும் மரத்துக்கு நாள்தோறும் 150 முதல் 200 லிட்டர் வேண்டும். கடுங்கோடையில் இன்னும் மிகுதி. ஏக்கருக்கு ஒரு நாளைக்குப் பதினோராயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுநீர் இருக்கிறதே என்பர் சிலர். 1990களின் பிற்பகுதியில் இஸ்ரேல் நாட்டு முறையில் சொட்டுநீர்ப் பாசனத்தை அமைத்துக் காட்டிய இடமே நம் குப்பம் பகுதிதான். ஆகவே அதன் அருமை நமக்குத் தெரியும். சொட்டுநீர் இருக்கும் நீரைச் சிக்கனமாக்கும். இல்லாத நீரை உண்டாக்காது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உழவருக்கு யாரேனும் இதை விளக்கிச் சொல்கின்றனரா என்பது ஐயம். எண்ணெய்ப் பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியே வருகின்றன. பெண் கொத்துதான் குலையாகும். வரப்போகும் கொத்து ஆணா பெண்ணா என்பது, குலை அறுவடைக்கு வருவதற்கு ஏறத்தாழ ஈராண்டுக்கு முன்பே மரத்தின் உள்ளே முடிவாகிவிடுகிறது. அந்நாளில் நீர் வற்றினால் மரம் ஆண் பூவை மிகுதியாக ஈனும். இந்தக் கோடையில் கிணறு கைவிட்டால், அதன் தண்டனை இரண்டு ஆண்டு கழித்து வருகிறது. அப்போது மழை நன்றாகப் பெய்திருக்கும், உரமும் வைத்திருப்போம், தோட்டம் பச்சைப்பசேலென்று நிற்கும். குலை மட்டும் இராது. நிலக்கடலை வாடினால் கண்ணெதிரே வாடும். இந்த மரம் அப்படியன்று.

பயிர் நலம் என்றதும் சாம்பல்சத்து, மக்னீசியம், போரான் என்று அட்டவணை கொடுத்துவிடுகின்றனர். அவை வேண்டியவையே. இலை நுனி கொக்கிபோல் வளைந்தால் போரான் குறை. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தால் உடனே கவனிக்க வேண்டும். இவற்றையெல்லாம் நம் உழவர் ஒரு பருவத்தில் கற்றுக்கொள்வர். ஆனால் ராமகுப்பத்துக்கென்று தனியாக ஒரு பகை உண்டு. அது எந்த அட்டவணையிலும் இராது. கவுண்டின்யக் காட்டு யானைகளைத்தான் சொல்கிறேன். நெல்லையும் கேழ்வரகையும் கரும்பையும் மிதித்துப் போகும் அவை, இளம் பனையின் குருத்தைக் கண்டால் விடுமா? மலேசியாவில் யானைகள் செம்பனைக் கன்றுகளைப் பிடுங்கிக் குருத்தை உண்பது தோட்டக்காரர்களுக்குப் பழகிப்போன இழப்பு. நெல் போனால் அடுத்த பருவம் உண்டு. மூன்றாண்டு வளர்த்த கன்றின் குருத்து போனால் கன்றே போயிற்று.

ஆதாயத்துக்கு வருவோம். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும். இல்லையேல் பழத்தில் புளிப்பு ஏறி எண்ணெய் தரம் கெடும். ஆந்திரத்தின் ஆலைகளிற் பெரும்பாலானவை கோதாவரிப் பக்கத்தில். இங்கிருந்து ஏலூர் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆந்திரத்தின் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு வட்டாரமும் ஓர் ஆலைக்கு ஒதுக்கப்படுகிறது. உழவர் அந்த ஆலைக்கே குலையைத் தர வேண்டும். ஆலை அருகில் இருந்தால் இது பாதுகாப்பு, இல்லாவிட்டால் விலங்கு.

விலையோ நம் கையில் இல்லை. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது விலை விண்ணுக்குப் போனது. அடுத்த சில மாதங்களிலேயே இறங்கிற்று. 2024 செப்டம்பரில் கச்சாப் பாமாயில் மீது 20 விழுக்காடு அடிப்படை இறக்குமதி வரி வந்தது. 2025 மே மாதத்தில் அதையே பத்தாகக் குறைத்தனர். நகரத்துச் சமையலறைக்கு மகிழ்ச்சி; தோட்டக்காரருக்கு? இந்த ஆட்டத்திலிருந்து காக்கத்தான் மைய அரசின் திட்டம் விலை இடைவெளியை ஈடுகட்டுவதாகச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு 2037 நவம்பர் 1 என்று முடிவு நாள் குறித்திருக்கின்றனர். 2026இல் நட்ட கன்று 2030ஐ ஒட்டித்தான் காய்ப்புக்கு வரும். பாதுகாப்பு ஏழு, எட்டு ஆண்டு. மரமோ 2050க்கு அப்பாலும் நிற்கும். அந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

அப்படியானால் எண்ணெய்ப் பனையே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. கிருஷ்ணை நீர் வருகிறது என்கின்றனர். ஹந்திரி - நீவா திட்டத்தின் குப்பம் கிளைக் கால்வாயில் 2024 பிப்ரவரியில் ராமகுப்பம் மண்டலத்தில் ஒரு விழா நடந்தது. ஆட்சி மாறிய பின் 2025 ஆகஸ்டில் குப்பத்தை அடுத்த பரமசமுத்திரத்தில் மற்றொரு விழா நடந்தது. விழாக்களில் யார் பெருமை கொள்வது என்ற வழக்கு நமக்கு வேண்டாம். ஸ்ரீசைலத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏற்றி ஏற்றிக் கொண்டுவரும் நீர், விழா நாளில் வருவது ஒன்று. மூன்று கோடை தொடர்ந்து வருவது வேறொன்று. ஏரிகள் நிரம்பி, கிணறுகளில் மட்டம் உயர்ந்து, மே மாதத்திலும் அது நிலைக்கட்டும். அதன்பின் காட்டோரம் அல்லாத நிலங்களில் சிலர் நட்டுப் பார்க்கட்டும். அதுவரை நிலக்கடலையும், மல்பெரியும், கறவை மாடும் இருக்கின்றன. அவற்றில் குறை ஆயிரம் உண்டு. ஆனால் தவறு நேர்ந்தால் உழவரை முப்பதாண்டுக்குக் கட்டிப்போடா.

நம் மன்றத்து மாணவர்களில் குப்பம், ராமகுப்பம், சாந்திபுரம் பக்கத்தார் இருக்கிறீர்கள். விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒவ்வொருவரும் தத்தம் ஊர் ஏரியின் மட்டத்தையும் நான்கு கிணறுகளின் ஆழத்தையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதந்தோறும், முக்கியமாக மார்ச் முதல் ஜூன் வரை. கன்று கொடுக்க அலுவலர் வரும் நாளில் அந்த நோட்டை ஊர்ப் பெரியவர் கையில் கொடுத்து, கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.