பிரெட் கடையில், கேக் வீட்டில்: ஓவன் கணக்கு

வீட்டிலேயே பேக் பண்ணி ஃப்ரீசர்ல வெச்சா காசு மிச்சமாகுமா? கேக்குக்கு ஆகும், பிரெட்டுக்கு ஆகாது. இதுதான் என் கருத்து.

பிரெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஃபேக்டரியில் மொத்தமாகச் சுடும் விலையோடு நம்ம ஓடிஜி போட்டி போட முடியாது. கேக், பிஸ்கட்டுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது, உண்மைதான். ஆனா மயிலாப்பூர், அடையாறு பேக்கரியில் நீங்க கொடுக்கிற பணத்தில் கடை வாடகை, ஏசி, ஆள் சம்பளம் எல்லாம் இருக்கு. வீட்டில் மிச்சமாவது அதுதான்.

எல்லாரும் மறக்கிற செலவு கரண்ட். 1,500 வாட் ஓடிஜி ஒரு மணி நேரம் முழுசா ஓடினால் 1.5 யூனிட். சின்னத் தொகைதான். ஆனா இ.பி. ரீடிங் இரண்டு மாசத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டின யூனிட்டுக்கு மட்டுமில்ல, 101 முதல் 200 வரைக்குமே ரேட் ஏறிடும். மே மாச ஏசியோடு 495-ல நிக்கிற வீடு இதில்தான் மாட்டும்!

அதனால ஞாயிறுக்கு ஞாயிறு ஓவன் போடாதீங்க. ஒரே நாளில், சூடு ஆறுறதுக்குள்ள அடுத்தடுத்து நாலு டின். ப்ரீஹீட் ஒரு தடவைதான். கேக் ஆறினதும் துண்டு போட்டு, காத்து புகாம சுத்தி ஃப்ரீசரில் வெச்சா இரண்டு மாசம் தாங்கும். கடை பிரெட்டையும் அப்படியே வைக்கலாம். ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டில் வெச்சா சீக்கிரம் வறண்டு போகும்.

இதுக்காக தி.நகர் போய் இ.எம்.ஐ.-ல ஓவன் வாங்கிடாதீங்க, ப்ளீஸ். மாசம் ஒரு கேக் சாப்பிடுற வீட்டில் அந்தக் காசு திரும்பி வர வருஷக்கணக்காகும். கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்த குக்கரிலேயே நாலு தடவை செஞ்சு பாருங்க, அப்புறம் பேசலாம்.